புயல் நிவாரணமும் அடங்கல் கணக்கும்

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 24-ஆம் தேதி விடியற்காலையில், அஜர்பைஜான் தேசத்துத் தலைநகராகிய பாக்கு நகரில், உலக நாடுகளின் காலநிலை மகாநாடு ஒருவாறு முடிவடைந்தது. புகையால் பூமியை வெப்பமாக்கியதில் பெரும்பங்கு கொண்ட செல்வ நாடுகளிடமிருந்து, வளரும் நாடுகளுக்கு ஆண்டொன்றுக்கு 1,30,000 கோடி டாலர் வேண்டுமென்று கோரப்பட்டது. 2035-ஆம் ஆண்டளவில் 30,000 கோடி என்று தீர்மானமாயிற்று. இத்தொகை போதாதென்று இந்தியப் பிரதிநிதி அச்சபையிலேயே ஆட்சேபித்தார். ஆறு நாள் கழித்து, நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறியது அப்பால் செல்லாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று பொழிந்தது. செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர், அதாவது 20 அங்குல மழை பதிவாயிற்று. விழுப்புரம் ஜில்லா ஓராண்டு முழுமைக்கும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் வீழ்ந்ததென்று கொள்ளலாம்.

பாக்குவில் பேசியதற்கும் மயிலத்தில் பெய்ததற்கும் சம்பந்தம் யாதெனின், அதுவே 'காலநிலை நீதி' என்று இக்காலத்தில் வழங்கும் சொல்லின் பொருளாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் ஓராண்டில் வெளியாகும் கரியமில வாயு, அமெரிக்கர் ஒருவர் கணக்கில் சுமார் 14 டன். இந்தியர் ஒருவர் கணக்கில் சுமார் 2 டன். மேல்மலையனூரிலோ சிங்கவரத்திலோ இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைக்கும் குடியானவரின் பங்கு அதனினும் குறைவாகவே இருக்கும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு மிகுகிறது. ஆதலின் பெய்கிற மழை பெருமழையாகப் பெய்கிறது. குறிப்பிட்ட ஒரு புயலைச் சுட்டி, இஃது இன்ன தேசத்தார் செய்த வினை என்று கூறுவது விஞ்ஞானத்திற்கு ஒவ்வாதுதான். ஆயினும் தீமையிற் குறைந்த பங்குடையோர் நஷ்டத்தில் மிகுந்த பங்கை ஏற்கின்றனர் என்பதில் சந்தேகமில்லை. இந்நஷ்டத்திற்கென ஒரு நிதி வேண்டுமென்று 2022-இல் எகிப்திலே இசைந்தனர். 2023-இல் துபாயில் அது ஏற்பட்டபோது வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டாலரே. உலகத்திற்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தை இராஜாங்க அலுவலாக மேற்கொண்டவர் 2022-இல் முதலமைச்சராக இருந்த திரு. மு. க. ஸ்டாலின். 2022 செப்டம்பர் 24-ஆம் தேதி அவர் வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். நூற்றுக்கு 23.7 பங்காக இருந்த மரப்பரப்பைப் பத்தாண்டுகளில் 33 பங்காக்குவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கிற்று. அதற்கென முதல்வர் தலைமையில் அமைந்த ஆட்சிக் குழுவில் நார்வே தேசத்து முன்னாள் மந்திரி எரிக் சோல்ஹைம் அவர்களும் அங்கம் வகித்தார். இலங்கையில் 2002-இல் ஏற்பட்ட போர்நிறுத்தத்திற்குத் தூது நடந்தவர் என்று தமிழ் மக்கள் அவரை முன்பே அறிவர். மண்டபங்களில் நடந்த இவ்வேலைகள் யாவற்றையும், மேற்படி புயல் வயலில் நிறுத்திச் சோதித்தது.

டிசம்பர் 2-ஆம் தேதி முதல்வர் விழுப்புரம் ஜில்லாவுக்கு நேரில் வந்து சேதங்களைப் பார்வையிட்டார். அன்றே பிரதம மந்திரிக்கு எழுதிய கடிதத்தில் 2,11,139 ஹெக்டேர் பயிர்நிலம் நீரில் மூழ்கியதென்று தெரிவித்து, உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டார். மறுநாள் நிவாரண விகிதங்கள் வெளியாயின. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேதமுற்ற பயிருக்கு, ஹெக்டேர் ஒன்றுக்கு, நெல் முதலிய பாசனப் பயிராயின் 17,000 ரூபாய், மானாவாரியாயின் 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. இவற்றை ஏக்கர்க் கணக்கில் சொன்னால் முறையே சுமார் 6,880, 3,440, 9,100 ஆகும். மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 10,000. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். ஓர் ஏக்கர் சம்பாவுக்கு நாற்றும் எருவும் ஆட்கூலியும் என்ன செல்லுமென்பதை அறிந்த குடியானவர், இத்தொகை முதலை மீட்பதற்கன்று, மறுபடி விதைப்பதற்கே என்பதையும் அறிவர். அதுவும் தங்கள் ஊருக்கு வந்து சேரவில்லையென்று சில இடங்களில் மக்கள் சாலை மறித்ததுண்டு.

பின்னர் வந்த மத்தியக் குழுவிடம் மாகாண சர்க்கார் கேட்டது 6,675 கோடி ரூபாய். மாகாணப் பேரிடர் நிதிக்கு எப்படியும் வரவேண்டிய மத்தியப் பங்கு 944.80 கோடி, இரண்டு தவணையும் சேர்த்து டிசம்பர் 6-ஆம் தேதி விடுவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மேற்கொண்டு 522.34 கோடி அனுமதிக்கப்பட்டது. ஆக, கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சிறிது மேல். பாக்குவில் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இருந்த வித்தியாசத்தைச் சென்னையும் டில்லியினிடத்தில் கண்டது. இந்த வித்தியாசம் டில்லியோடு நிற்கிறதா, கிராமத்திலும் தொடர்கிறதா என்பதே இப்பத்திரிகையைப் படிப்போர் ஆராயத்தக்கது.

ஏனெனில், எத்தனை கோடி ரூபாயாயினும் வயலுக்கு வந்து சேரும் வாய்க்கால் ஒன்றுதான், அது அடங்கல். கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண்ணாகிய அதில், எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, என்ன பாசனம் என்பவை எழுதப்படுகின்றன. 1980-ஆம் வருஷம் பரம்பரைக் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டபோது, கர்ணத்தின் பேனா கிராம நிர்வாக அலுவலர் கைக்கு மாறிற்று, கணக்கு மாறவில்லை. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களையும் வயலுக்கு அனுப்பிக் கைப்பேசியில் பயிர்க் கணக்கெடுத்தனர். கருவி எதுவாயினும் பதிவு பிழைபட்டால் விளைவு ஒன்றே. கிணற்றுப் பாசனத்தில் நட்ட நெல்லை மானாவாரி என்று எழுதிவிட்டால், ஏக்கருக்கு 3,440 ரூபாய் அங்கேயே போயிற்று. உளுந்து விதைத்த நிலத்தைத் தரிசு என்று எழுதியிருந்தால் எல்லாமே போயிற்று. பயிர் இன்ஷூரன்ஸ் கட்டுவதற்கும் அவ்வடங்கலே ஆதாரம். சம்பா நெல்லுக்குப் பிரீமியம் செலுத்தும் கெடு அவ்வாண்டில் நவம்பர் 15-லிருந்து 30 வரை நீட்டிக்கப்பட்டது. கெடு முடிந்த அந்த 30-ஆம் தேதி இரவிலேயே புயல் கரையேறிற்று. நகலுக்காகக் காத்திருந்து கட்டத் தவறியவர் பாடு சொல்லவேண்டுவதில்லை.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. பட்டா ஒருவர் பெயரில் இருக்க, உழுது பயிரிடுபவர் வேறொருவராக இருப்பது எந்தத் தாலூகாவிலும் சகஜம். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. விதையும் எருவும் கூலியும் போட்டுக் கடன்பட்டவர் குத்தகைதாரர். மூழ்கியது அவருடைய முதல். நிவாரணமோ பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குச் செல்லுமாயின், அவர் சென்னையிலே குடியிருந்தாலும் பணம் அங்கே போய்விடும். வருஷக் குத்தகையையும் தள்ளாமல் வாங்கிக்கொண்டு, நிவாரணத்தையும் பெறுகிறவர், ஒரு மழைக்கு இரண்டு வருமானம் காண்கிறார். பட்டாதாரர்கள் குத்தகையை எழுத்தில் வைக்கத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தையும் நினைத்து, பெயர் ஏறினால் நிலமே கைவிட்டுப் போகுமென்று அஞ்சுகின்றனர். இவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதென்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் நிலத்தின் உரிமை வேறு, ஒரு போகத்தின் நஷ்டம் வேறு. இன்ன போகத்தில் இன்னார் பயிரிட்டார், சேதத் தொகை அவருக்கே உரியது என்று பட்டாதாரர் ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கிராமாதிகாரியிடம் கொடுப்பதற்குச் செலவு ஒரு காகிதமே. சாகுபடி செய்பவர் பெயரைக் குறிக்க அடங்கலிலும் இடமுண்டு; அவ்விடம் வெறுமையாக விடப்படுவது வழக்கத்தினாலேயன்றிச் சட்டத்தினாலன்று. செல்வ நாடுகளிடம் இந்தியாவும், டில்லியிடம் சென்னையும் எதைக் கேட்டனவோ, அதையே குத்தகைதாரர் மிராசுதாரரிடம் கேட்கிறார். அவரோ மகாநாடு கூட்டிக் கேட்பதில்லை.

செஞ்சியைச் சூழ்ந்த மலையடி நிலங்களுக்குத் தனியாக ஒரு குறையுண்டு. சிங்கவரத்தில் அரங்கநாதப் பெருமான் பாறையிலேயே குடையப்பட்ட கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் குன்றையும், அப்பால் ராஜகிரி, கிருஷ்ணகிரித் துருக்கங்களையும் பார்த்தோர்க்கு விளங்கும்: மொட்டைப் பாறையில் விழும் நீர் நின்று ஊறாது, ஓடியே தீரும். ஆகவே இங்கே பயிர் மூழ்கி அழுகுவதைவிட, வரப்பு உடைந்து மேல்மண் போவதும், கீழ்வயலில் மணலும் சரளையும் ஏறுவதுமே அதிகமாக நேரக்கூடியவை. பயிர்ச் சேதப் பட்டியலைத் தயாரிப்போர் இதைக் கவனியாது விடுவதுண்டு. 2024-இல் வழங்கிய மத்திய சர்க்காரின் பேரிடர் நிதி விதிகளில், வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மண் படிந்தால் அதை அகற்றச் சிறு குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாயும், ஆறு போக்கு மாறி நிலமே பெரும்பகுதி அழிந்தால் 47,000 ரூபாயும் வகுக்கப்பட்டிருந்தன. படிந்த மண்ணின் ஆழத்தை அளந்து எழுதாத அறிக்கையால் இவ்வுதவியைக் கேட்க இயலாது. வெள்ளம் வடிந்த மறுநாளே குச்சி நட்டு அளப்பது நலம். உழுதபின் அளக்க என்ன இருக்கிறது?

செஞ்சி மலைகளிலிருந்து வரும் நீர் சங்கராபரணியாகி வீடூர் அணையை அடைகிறது. வழியிலுள்ள ஏரிகளும் குளங்களும் நிறைந்து தாங்கினால் அணைக்குப் பாரம் குறையும். அவற்றின் வரத்துக் கால்வாய்களை வயலோடு சேர்த்து உழுதிருப்பவர் யார் என்பது ஒவ்வொரு கிராமத்திலும் எல்லோரும் அறிந்ததே, புலப்படமும் அறியும். கரையைக் காப்பதற்குப் பனைக்கு நிகரான மரம் இப்பிரதேசத்தில் இல்லை. அதன் நார்வேர் மண்ணைக் கட்டும்; நீர் நின்றாலும் நீர் இன்றியும் அது பிழைக்கும். பனையை வெட்ட ஜில்லாக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது பொருத்தமானதே. விழாக்களில் நடும் கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், மூன்றாம் வருஷத்தில் உயிரோடு நிற்பவற்றின் எண்ணிக்கையைக் கிராமாதிகாரிகள் எழுதி வைப்பார்களாயின், 33 பங்கு என்னும் இலக்கின் உண்மை விளங்கும்.

நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்குப் பயிர் நிவாரணப் பட்டியலில் இடமில்லை. நடவும் களையெடுப்பும் நின்றுபோன வாரங்களுக்கு அவர்கள் கண்டது அந்த 2,000 ரூபாயே. 2025 ஜூலையில் முதல்வர் தொடங்கி வைத்த ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகிய ஆறு வகை விதைகளும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் வீட்டுத் தோட்டத்திற்காக வகுக்கப்பட்டன. சிறிய ஏற்பாடாயினும் நல்லது. வெள்ளம் வடிந்து சந்தைக்கு வண்டி வராத நாட்களில் கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும். ஆனால் கொல்லை இருந்தாலன்றோ தோட்டம்? மூன்று சென்டு மனையில் குடியிருப்போர்க்கு, கிணற்றடியில் வாய்க்கால் ஓரமாக ஒரு பாத்தி இடம் விட்டுக்கொடுப்பது, மிராசுதாரர் ஒருவர் யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல் செய்யக்கூடியது.

பசலி வருஷம் ஜூலை முதல் தேதி பிறக்கிறது. அதற்கு முன்னர் மே, ஜூன் மாதங்களில் தாலூகாத் தலைநகரில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கையாகின்றன. பட்டா, அடங்கல் பிழைகளைத் திருத்தக் கோரி எவரும் மனுக் கொடுக்கலாம். குத்தகைதாரரும் பட்டாதாரரும் சேர்ந்து வந்து மனுக் கொடுத்தால், மறுப்புச் சொல்வோர் இரார், விசாரணையும் எளிதாகும். சம்பா நட்டபின் அடங்கலில் பெயரும் பயிரும் பாசனமும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று அக்டோபர் முடிவதற்குள் ஒருமுறை கேட்டு, நகல் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். வங்கக் கடலில் புயல் மிகுந்து எழும் மாதம் நவம்பர்.