தாயக்கட்டையும் ஒரு கதையும்

பரணில் கிடக்கும் தாயக்கட்டையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், சகோதரிகளே! புளி போட்டுத் துலக்கினால் பித்தளை பளபளவென்று ஆகிவிடும். கூடவே, குழந்தைகளின் ஏணியும் பாம்பும் பெட்டியிலிருந்து பகடைக் காய் ஒன்று, கோலம் பழகும் புள்ளி நோட்டு ஒன்று, ஒரு பென்சில். செலவு காலணா இல்லை. இவற்றை வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு ஆடிப் பார்க்கலாம்.

அது என்ன விளையாட்டு?

கதைதான்! பாட்டி கதை சொல்லும்போது, "இளவரசன் காட்டுக்குப் போனான்" என்பாள். நாம் "ஊம்" கொட்டுவோம். இந்த விளையாட்டில் "ஊம்" கொட்ட இடமே கிடையாது. கதை சொல்பவர், "காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் புகை வாடை. மறு பக்கம் தண்ணீர்ச் சலசலப்பு. எந்தப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். கேட்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி வீராங்கனை, ஒருவன் திருடன், ஒருவர் பூசாரி, ஒருவர் மந்திரவாதி. என்ன செய்வது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா, பலிக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் காய் உருளும்.

இதை அச்சில் ஏற்றி உலகுக்குக் கொடுத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். இன்ஷூரன்ஸ் உத்தியோகம் போய், பாதரட்சைகள் பழுது பார்த்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர் கைகாக்ஸ். 1974 ஜனவரியில், விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் அச்சிட்டவை 1000 பிரதிகள். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அடுக்கிப் பெட்டியில் போட்டார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் அத்தனையும் விற்றுப்போயின.

தடித்துப்போன புத்தகம்

வெற்றி வந்தால் விதிகளும் பெருகும் அல்லவா? 1981-இல் டாம் மோல்ட்வே என்பவர் தொகுத்த ஆரம்பப் பாடப் புத்தகம் வெறும் 64 பக்கம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ, ஆடுபவர் கையேடு மட்டுமே முந்நூறு பக்கத்துக்கு மேல்! ஒரு பாத்திரத்தை உண்டாக்கவே ஒரு பொழுது போய்விடும் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. ரசப்பொடிக்குப் பாட்டி கை அளவாகப் போட்டாள். பேத்தி தராசு, தெர்மாமீட்டர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு விழிக்கிறாள். அந்தக் கதைதான்.

ஆகவே, 2006-ஆம் ஆண்டு முதல் பலர் பழைய முறைக்கே திரும்பினார்கள். விளையாட்டின் விதிகளுக்குக் காப்புரிமை கிடையாது. அவற்றை எழுதிய வாசகங்களுக்குத்தான் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வந்த பொது உரிமமும் கைகொடுக்க, பழைய விதிகளைப் புதிய வார்த்தைகளில் எழுதி வெளியிட்டார்கள். சிலர் இலவசமாகவே கொடுக்கிறார்கள். 'ஆஸ்ரிக்', 'லேபிரிந்த் லார்ட்', 2019-இல் வந்த 'ஓல்ட் ஸ்கூல் எஸென்ஷியல்ஸ்' எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

பழைய முறையில் என்ன விசேஷம்?

மூன்று விசேஷங்கள் சொல்கிறேன்; குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.

முதலாவது, சிக்கனம். பாதாளத்துக்குள் ஒரு சுற்று என்றால் பத்து நிமிஷம். ஒரு தீவட்டி ஆறு சுற்றுதான் எரியும். எத்தனை தீவட்டி, எத்தனை நாள் சோறு, எத்தனை முழக் கயிறு என்று கணக்குப் பார்க்காமல் இறங்கினால் இருட்டில் தவிக்க வேண்டியதுதான். மாதக் கடைசியை ஓட்டிப் பழகிய கைகளுக்கு இது பிரமாதமா?

இரண்டாவது, புத்தி. ஆரம்பத்தில் எல்லாருமே நோஞ்சான்கள். மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். பொக்கிஷத்தைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஒரு பொற்காசுக்கு ஒரு மதிப்பெண். ஆகவே அடிதடியை விடத் தந்திரத்துக்குத்தான் லாபம்.

மூன்றாவது, எதிரே வருகிறவை எல்லாம் பகை அல்ல. ஒரு பூதமோ பிசாசோ குறுக்கிட்டால் கதை சொல்பவர் இரண்டு பகடையை உருட்டிப் பார்ப்பார். 2 விழுந்தால் பாய்ந்து தாக்கும். 12 விழுந்தால் உற்ற தோழன். நடுவே விழுந்தால் தயங்கி நிற்கும். அப்போது நம் பேச்சுத் திறமைதான் துணை.

இந்த இடத்தில்தான் நம் தாயக்கட்டை அழகாக உட்காருகிறது! இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. விழும் வகை மொத்தம் 16. இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழுவது ஒரே ஒரு வகை. இரண்டும் மூன்றாகி ஆறு விழுவதும் ஒரே வகைதான். மூன்று மட்டும் நான்கு வகையில் விழும். இதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு என்றால் உயிர்த்தோழன், தாயமோ இரண்டோ என்றால் நல்லெண்ணம், மூன்று என்றால் யோசிக்கும், நாலு, ஐந்து என்றால் முறைக்கும், ஆறு என்றால் பாயும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நட்புக்கும் பகைக்கும் சம வாய்ப்பு!

பாத்திரம் உண்டாக்குவதும் சுலபம். வலிமை, அறிவு, விவேகம், சுறுசுறுப்பு, உடல்திடம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் பகடையை மூன்று முறை உருட்டிக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். கடினமான காரியம் வந்தால் மறுபடி மூன்று முறை உருட்டுங்கள். கூட்டுத்தொகை அந்தக் குணத்தின் எண்ணுக்குள் அடங்கினால் ஜெயம். குணம் 10 என்றால் வாய்ப்பு சரிபாதி. வீட்டில் ஆட இவ்வளவு விதி போதும்.

பாகூர் ஏரிக்கரையில்...

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர். தெருத் திண்ணையில் ஓர் ஆயா, மருமகள், பேத்தி, பேரன். (அந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.) மருமகள் கதை சொல்கிறாள். புள்ளி நோட்டில் பேத்தி வரைபடம் போடுகிறாள்.

"ஏரி வறண்டு கிடக்குது. பங்காரு வாய்க்கால்ல ஏன் தண்ணி வரலைன்னு பார்க்கக் கிளம்பறீங்க. மதகு மூடியிருக்கு. அதுமேல ஒரு பூதம் உட்கார்ந்திருக்கு. என்ன செய்யறீங்க?"

"கத்தியை எடுத்து ஒரே வெட்டு!" என்கிறான் பேரன்.

"இருடா! அது கோபமா இருக்கா அம்மா?"

தாயக்கட்டை உருளுகிறது. மூன்று. பூதம் யோசிக்கிறது.

"பசியா இருக்கும். கட்டுச்சோத்துல பாதி குடு" என்கிறாள் ஆயா.

பூதம் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறது. "இந்த வாய்க்காலை வெட்டின ரெண்டு பொம்பளைங்க என்னைக் காவல் வச்சிட்டுப் போனாங்க. அவங்க பேரைச் சொன்னாத்தான் நகருவேன்" என்கிறது.

பேரனுக்குத் தெரியவில்லை. பேத்திக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஆயாவின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பார்த்தீர்களா! "அந்தக் காலத்துக் கதை சொல்றேன், உட்காரு" என்றால் செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளை, இப்போது தானே கேட்கிறான். ஏனென்றால் அவனுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் மதகு திறக்காது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள், கோயில் தாசிகள், தங்கள் பொருளைச் செலவழித்து ஏரிக்கு வாய்க்கால் வெட்டினார்கள் என்று பாகூரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூர் அணையிலிருந்து பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் இன்றும் இருக்கிறது. ஆனால் கதை இருப்பது ஆயாமார் நெஞ்சில். கேட்பதற்கு ஒரு ஆளில்லாவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும்.

பெயர் கிடைத்துவிட்டது, பூதம் நகர்ந்துவிட்டது. இனி மதகைத் தூக்க வேண்டும். பேத்தியின் வீராங்கனைக்கு வலிமை 11. பகடை மூன்று முறை உருளுகிறது. கூட்டினால் 9. தண்ணீர் பாய்கிறது!

கதைக்கா பஞ்சம்?

அதே பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை, இருந்தது. நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு அதற்கு மூன்று கிராமங்கள் மானியமாகக் கிடைத்ததைச் சொல்கிறது. காணாமல் போன செப்பேட்டைத் தேடிப் பாதாளத்தில் இறங்குவது ஒரு கதை.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர் நிலைக்கு வராமல் நடு வீதியில் நின்றுவிடுகிறது. அச்சாணியைக் கொண்டுபோனது யார்? இது இன்னொன்று.

பூதம் பிசாசு வேண்டாம் என்கிறீர்களா? வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பியுங்கள். சரித்திரப் பாடம் தானாக வரும்.

சில சந்தேகங்கள்

"பகடை என்றாலே சகுனி நினைவு வருகிறதே!" என்று மாமியார் சொல்லக்கூடும். நியாயந்தான். ஆனால் இதில் பந்தயம் இல்லை, காசு இல்லை. ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்பதும் இல்லை. எல்லாரும் ஒரே கட்சி. பாத்திரம் செத்துப்போனால் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகும்.

1980-களில் அமெரிக்காவிலேயே, இது பிள்ளைகளைக் கெடுக்கிறது, பேய் வணக்கம் கற்றுக் கொடுக்கிறது என்று பெரும் கூச்சல் எழுந்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் எதுவும் காணவில்லை. ஆனாலும் ராத்திரி படுக்கும் நேரத்தில் பயங்கரக் கதை வேண்டாம். சின்னக் குழந்தை இருந்தால் பிசாசைக் குரங்காக மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். சுவையான இடத்தில் "தொடரும்" போடுவது எப்படி என்று தொடர்கதை படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

கடைசியாக ஒரு விதி. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானாகச் சேர்க்கிறேன். எல்லாரும் கூடத்தில் ஆடும்போது, காப்பி கலக்கவும் அப்பளம் பொரிக்கவும் ஒருத்தி மட்டும் எழுந்து எழுந்து போகக் கூடாது. பலகாரத்தை முன்னாலேயே செய்து தட்டில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். முதல் வாரம் கதை சொல்லும் இடம் உங்களுக்கு. அடுத்த வாரம் மாமியாருக்கு. அதற்கடுத்த வாரம், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டாள் என்று சொல்கிறீர்களே, அந்தப் பெண்ணிடம் தாயக்கட்டையைக் கொடுத்துப் பாருங்கள்.