மூலக்கூறு ஸ்விட்சு

விளக்கின் ஸ்விட்சை அழுத்துங்கால் ஓர் உலோகத் தகடு மற்றொன்றைத் தொடுகிறது, மின்சாரம் ஓடுகிறது. இப்பணியை மூலக்கூறு ஒன்றே ஆற்றக்கூடுமா? எலெக்ட்ரானை ஈயும் பகுதி ஒரு கோடியிலும், ஏற்கும் பகுதி மறுகோடியிலும் அமைந்த மூலக்கூறு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே எளிதில் விடும் என்று அவிராம், ராட்னர் என்னும் இருவர் 1974-இல் அமெரிக்காவில் கணக்கிட்டுரைத்தனர். 1997-இல் ரீட், டூர் குழுவினர் மெல்லிய தங்கக் கம்பியை வளைத்து முறித்து, முனைகளுக்கிடையே பென்சீன் டைதயோலை அமர்த்தி மின்னோட்டத்தை அளந்தனர். மூலக்கூறின் இரு கோடிகளிலுமுள்ள கந்தக அணுக்களே தங்கத்தைப் பற்றிக்கொள்கின்றன.

செம்புக் கம்பியின் நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும் என்று மாணவர் பயில்கின்றனர். ஆல்கேன் சங்கிலிகளில் அவ்விதி செல்லாது. அங்கே எலெக்ட்ரான் ஆற்றல் தடையை ஏறிக் கடப்பதில்லை. அதனை ஊடுருவிச் செல்கிறது. எனவே, கார்பன் அணு ஒன்று கூடுந்தோறும் மின்னோட்டம் முன்னிருந்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகிறது. ஐந்து கூடினால் சுமார் 200-இல் ஒரு பங்கே எஞ்சும். இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுதல் நன்று.

நிலைமாற்றத்தின் வரலாறு இத்துணை நேரானதன்று. அச்சில் வளையம் கோத்தாற்போன்ற ரோடாக்சேன் மூலக்கூறுகளை உலோக முனைகளுக்கிடையே பரப்பி, மின்னழுத்தத்தால் அவற்றின் கடத்துதிறனை மாற்றலாமென 1999-இல் கலிபோர்னியாவில் காட்டினர். பெரும் ஆரவாரம் எழுந்தது. ஆயின், 2004-இல் பிளாட்டினம், டைட்டேனியம் முனைகளுக்கிடையே ரோடாக்சேனுக்கு மாற்றாகச் சாதாரணக் கொழுப்பமிலத்தின் உப்பை வைத்துப் பார்த்தபோது, அதுவும் அவ்வாறே நிலை மாறியது! அச்சாதனங்களில் மாறியது மூலக்கூறன்று. உலோக முனையே காரணம் என்பது புலனாயிற்று. ஒப்பீட்டுச் சோதனையின் அருமைக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

ஆகவே, மூலக்கூறுதான் மாறுகிறது என்பதை நேரே காட்டவேண்டிய கடமை பின்வந்தோர்க்கு ஏற்பட்டது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த ஸ்ரீபிரத கோஸ்வாமி, அசோ தொகுதிகள் சூழ்ந்த ருத்தீனியம் சேர்மத்தை ஆக்கியளித்தார். சிங்கப்பூர் ஆய்வாளர்களுடன் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சாதனம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ராமன் நிறமாலை எடுக்கப்பட்டது. மின்னோட்டம் மாறுங்கால், மூலக்கூறு எலெக்ட்ரானை ஏற்றமைக்குரிய கோடுகளும் உடன் மாறின. சர். சி. வி. ராமன் 1928-இல் அச்சங்கத்தின் ஆய்வகத்திலேயே தம் விளைவைக் கண்டறிந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அதே வழியில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2024-இல், திறந்தது, மூடியது என்னும் இரண்டு நிலைகளோடு நில்லாது, சுமார் 16,500 கடத்து நிலைகளைக் கொள்ளும் படலத்தை அறிவித்தனர். அது எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்த படலமேயன்றித் தனி மூலக்கூறன்று.