கல்யாண போட்டோகிராபர்: கேட்க வேண்டிய கேள்விகள்

கல்யாணத்துக்கு போட்டோகிராபர் தேடுவோர் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் மயங்கிவிடுகிறார்கள். அங்கே இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கியெடுத்த படங்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே சரி. மண்டபத்து மஞ்சள் விளக்கிலும் ஹோமப் புகையிலும் முகங்கள் எப்படி விழுந்திருக்கின்றன, மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் இடம்பெற்றார்களா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

கெட்டிமேளத்துக்கு நடுவே மூன்று முடிச்சு விழுவது சில நொடிகளில். மெமரி கார்டு அந்நேரம் பார்த்துப் பழுதானால்? ஒரே படத்தை இரண்டு கார்டுகளில் பதியும் கேமராவா என்று கேட்கலாம். 2018இல் நிகான் இசட் 6 ஒற்றைக் கார்டு வசதியோடு வந்தபோது கல்யாணப் படக்காரர்கள் முணுமுணுத்தார்கள்; 2020இல் வந்த அடுத்த மாடலில் இரண்டு இருந்தன.

அட்வான்ஸ் வாங்கியவர் ஒருவர், முகூர்த்தத்தன்று வருபவர் இன்னொருவர் என்பதும் நடக்கும். படமெடுக்கப் போகிறவர் பெயரை எழுதி வாங்குவது நல்லது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. ஸ்டூடியோ நீட்டும் தாளில் இதற்கு மாறான வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.