சேர்த்துக்கொண்டால் போதுமா?

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா கூடாதா என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய தகராறே நடந்தது. சேர வந்தவர் முத்துலட்சுமி. அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். இந்தப் பெண் உள்ளே வந்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியவர்கள் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டதால்தான் இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக உயர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அவருக்குக் கிடைத்தது மன்னரின் தயவு. அடுத்து ஒரு பெண் வந்திருந்தால், அவரும் அரண்மனை வாசலில்தான் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

தயவு விதியாக மாற வெகுகாலம் ஆனது. திருச்சி–புதுக்கோட்டை சாலையில் சின்ன சூரியூரில் இருக்கிறதே ஐ.ஐ.எம்., அது போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் நெடுங்காலம் ஆண்கள் கூட்டம்தான். கேட் (CAT) நுழைவுத் தேர்வில் முந்தியவர்களில் பெரும்பாலோர் பொறியியல் படித்த ஆண்கள் என்பதே காரணம். பிறகு சில ஐ.ஐ.எம்.கள் பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தும், பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணுக்கு எடை கூட்டியும் பார்த்தன. கோழிக்கோட்டில் 2013-இல் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல், சுமார் 54 சதவீதம், பெண்கள்.

எண்ணிக்கை கூடினால் விஷயம் முடிந்ததா? அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே எம்.பி.ஏ. முதலாண்டிலேயே பெண்கள் சேர்ந்தது 1963-இல். அரை நூற்றாண்டு கழித்தும், ஒரே தகுதியோடு சேர்ந்த மாணவிகள் மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள். மதிப்பெண்ணில் பாதி வரை வகுப்பில் பேசுவதற்குத்தான். யார் பேசினார் என்பது ஆசிரியரின் ஞாபகத்தில் இருப்பது; ஞாபகம் உரத்த குரலின் பக்கம் சாயும். 2010-இல் முதல்வரான நிதின் நோரியாவின் காலத்தில், பேசுவதைக் குறிப்பெடுக்க வகுப்புக்குள் ஆள் உட்காரவைத்தார்கள். இடைவெளி குறைந்தது. அப்போது அங்கே பாடமாக நடத்திய கேஸ் ஸ்டடிகளில், அதாவது நிஜ நிறுவனக் கதைகளில், நூற்றுக்கு ஒன்பதில்தான் முக்கியப் பாத்திரம் பெண்ணாக இருந்தது. 2014-இல் பள்ளியின் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்ட நோரியா, அதை இருபதாக்குவோம் என்றார்.

கேஸ் ஸ்டடி வேண்டுமென்றால் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரமும், கூட்டிப்போக அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்கும் நிலையும் மாறாமல், படித்த எழுத்து எதற்கு உதவும்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள் பலர். அதிலும் ஒரு வசதி: முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். கேலி பேசியவர்களும் குறைவில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. கான்ட்ராக்டர்கள் கையில் இருந்த கல் குவாரிகள் சிலவற்றை, அங்கே கூலிக்கு ஜல்லி உடைத்த பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் குத்தகைக்கு விட்டது. எத்தனை லோடு போனது, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அவர்கள் கைக்கு வந்தது. கான்ட்ராக்டர்கள் எதிர்த்தார்கள், எதிர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என்னைக் கேட்டால் சைக்கிளைவிடப் பெரிய காரியம் இதுதான். சைக்கிள் வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. குத்தகை, வேலையில் முடிவெடுக்கும் இடத்தைத் தந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். போய்ச் சேரும் வழி முன்னைவிடத் திறந்திருக்கிறது. போன இடத்தில்? ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று சொல்ல 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் புடவை எடுக்கப் போகிறவர்கள், கவுண்டருக்குப் பின்னால் அந்த நாற்காலி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம்.

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டமும் அப்படித்தான், ஏட்டில் நன்றாக இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும், கல்லூரி உட்பட, உள்ளகக் குழு வேண்டும். தலைவர் அங்கே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் எத்தனையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? மூன்று பேர் வேலை பார்க்கும் கடைப் பெண்ணும், வீட்டு வேலை செய்பவரும் போக வேண்டியது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். எழுதிக் கொடுக்க முடியாதவருக்கு அதற்கு வேண்டிய உதவியைக் குழுவே செய்ய வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.