பல புல வடிகட்டல் (கணக்குப்பதிவு)

பல புல வடிகட்டல் என்பது கணக்குப்பதிவு மென்பொருளில் உள்ள பதிவுகளுள், ஒன்றுக்கு மேற்பட்ட புலங்களின் மீது இடப்படும் நிபந்தனைகளை நிறைவு செய்வனவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபில்டர் எனப்படுகிறது. வடிகட்டலால் எப்பதிவும் அழிவதில்லை. பொருந்தாதவை திரையில் மறைக்கப்படுகின்றன.

பின்னணி

இம்முறையின் ஏரணம், ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இயற்கணிதத்தைச் சார்ந்தது. 1970-இல் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவுத்தள மாதிரி இதற்குக் கணினியில் இடமளித்தது. இந்தியச் சிறு நிறுவனங்களிடையே பரவலாக வழங்கும் டாலி மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 1986-இல் தொடங்கப்பட்டது. டாலியிலும் நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து வடிகட்ட இயலும்.

எடுத்துக்காட்டு

குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும், பொருளையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் செலுத்துதல் வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும்.

வடசென்னையில் துறைமுகச் சரக்குப் போக்குவரத்து மிகுந்த டோல்கேட் பகுதியில் இயங்கும் ஒரு கண்டெய்னர் லாரி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கணக்கில் உள்ள பில்கள் பின்வருமாறு:

1. ட்ரெய்லர் பழுதுபார்ப்புப் பட்டறை: குறு, 62 நாட்கள், ரூ. 18,000, நிலுவை
2. வெல்டிங் பட்டறை: குறு, 70 நாட்கள், ரூ. 9,500, செலுத்தப்பட்டது
3. மின்பணிப் பட்டறை: சிறு, 51 நாட்கள், ரூ. 26,000, நிலுவை
4. கிரேன் வாடகை: நடுத்தரம், 80 நாட்கள், ரூ. 75,000, நிலுவை
5. லேத் பட்டறை: வகை குறிக்கப்படவில்லை, 58 நாட்கள், ரூ. 12,000, நிலுவை

கெடு கடந்தவற்றை அறிய இடவேண்டிய நிபந்தனை:

(வகை = குறு அல்லது வகை = சிறு) மற்றும் நாட்கள் > 45 மற்றும் நிலை = நிலுவை

விடையாக 1, 3 ஆகிய பில்கள் கிடைக்கும், மொத்தம் ரூ. 44,000.

வழக்கமான பிழைகள்

'மற்றும்', 'அல்லது' மயக்கம்: "குறு நிறுவனங்களும் சிறு நிறுவனங்களும் வேண்டும்" என்று தமிழில் கூறுகையில் இரு தொகுதிகளையும் சேர்த்தே குறிக்கிறோம். மென்பொருளில் 'மற்றும்' என்பது ஒரே பதிவில் இரு நிபந்தனைகளும் பொருந்துதலைக் குறிக்கும். ஒரு நிறுவனம் குறுவாகவும் சிறுவாகவும் இருக்க இயலாதாகையால், விடை வெறுமையாகவே வரும். ஒரே புலத்தின் வெவ்வேறு மதிப்புகளை 'அல்லது' கொண்டே இணைத்தல் வேண்டும்.

அடைப்புக்குறி விடுபடல்: எஸ்.க்யூ.எல். வினவல் மொழியில் 'மற்றும்' முதலில் கணிக்கப்படும். அடைப்புக்குறி இல்லையெனில், குறு வகைப் பில்கள் அனைத்தும் வந்துவிடும். செலுத்தி முடித்த வெல்டிங் பில்லும் சேர்ந்து, மொத்தம் ரூ. 53,500 எனக் காட்டும்.

வெற்றுப் புலம்: ஐந்தாம் பில்லின் வகை நிரப்பப்படவில்லை. லேத் பட்டறை குறு நிறுவனமாகவே இருப்பினும் அது விடையில் வராது. அத்தொகை செலுத்தப்படாமல் கிடக்க, வட்டி ஏறிக்கொண்டே செல்லும். பட்டறைக்காரரோ பணத்திற்காகக் காத்திருப்பார்.

சரிபார்த்தல்

வடிகட்டிய தொகையையும், அதே நிபந்தனையை எதிர்மறையாக்கிப் பெறும் தொகையையும் கூட்டி, முழுத் தொகையுடன் ஒப்பிடலாம். மேற்கண்ட கணக்கின் முழுத் தொகை ரூ. 1,40,500. எஸ்.க்யூ.எல். மொழியில் எதிர்மறை நிபந்தனை 2, 4 ஆகிய பில்களை மட்டுமே, அதாவது ரூ. 84,500 மட்டுமே தரும். வெற்றுப் புலத்துடனான ஒப்பீடு அங்கு மெய்யும் அன்று, பொய்யும் அன்று என்பதே காரணம். இரண்டையும் கூட்டினால் ரூ. 1,28,500, குறையும் ரூ. 12,000 லேத் பட்டறைக்குரியது. ஆகவே வடிகட்டும் முன்னர், வெற்றாக உள்ள புலங்களைத் தனியே தேடி நிரப்புதல் நன்று.