எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும் காது

1966 ஏப்ரல் 7. லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடம். கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் டேப் ரெக்கார்டர்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முனையோடு முனை ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடா. வளையம் தொய்யாமலிருக்கப் பென்சிலை உள்ளே கொடுத்து இழுத்துப் பிடித்தபடி ஊழியர்கள் நிற்கிறார்கள். எல்லா ஒலிகளும் வந்து சேரும் மேசையில், எது எழ வேண்டும், எது அடங்க வேண்டும் என்பது அந்தந்தக் கணத்தில் முடிவாகிறது. பீட்டில்ஸ் குழுவின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடல் இப்படித்தான் உருவானது. அதே கலவையை இன்னொரு முறை செய்ய முடியாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் சொன்னார்.

மனத்தைத் திரிக்கும் மருந்துகள் தந்த அனுபவத்தை ஒலியாக்க முயன்ற அறுபதுகளின் சைகடெலிக் ராக் வகையில் இந்தப் பாடலுக்குத் தனி இடம் உண்டு. மூன்று நிமிடம்கூட நிறையாத பாட்டு. அடியில் தம்புரா, நம் கச்சேரிகளில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கும் அதே வாத்தியம். அதன்மேல் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ், அநேகமாக மாறாத ஒரே அடியாகக் கடைசிவரை போகிறது. இவற்றுக்கு மேலேதான் அந்த வளையங்கள் திடீர் திடீரென முளைத்து மறைகின்றன. கடற்பறவைக் கூச்சல்போல வருவது பால் மெக்கார்ட்னியின் சிரிப்பு. நாடாவின் வேகத்தைக் கூட்டியதில் பறவையாகிவிட்டது. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் ஜான் லெனன். 20 வயதே ஆகியிருந்த ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், ஹாமண்ட் ஆர்கனுக்கான லெஸ்லி ஸ்பீக்கர் வழியே அந்தக் குரலைச் செலுத்தினார். அதற்குள் ஒரு கொம்பு சுழலும். அதன் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்றே ஏறும், விலகும்போது இறங்கும். ஊதிக்கொண்டே கடந்துபோகும் ரயிலில் நாம் கேட்பது இதைத்தான்.

பலருக்கு இந்தப் பாட்டு மிதப்பது போன்ற சுகம். ஆனால் ஒலிக்கூர்மை மிகுந்த சிலர் முதல் அரை நிமிடத்திலேயே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆட்டிச நிலையில் இருப்போரில் பலர் இப்படிப்பட்டவர்கள். சாதாரண ஒலியே தாங்க முடியாமல் போகும் ஹைப்பர்அக்யூசிஸ் உள்ளவர்களும், ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இவர்களில் உண்டு. 'ரசனை இல்லை', 'ரொம்ப அலட்டல்' என்று அவர்களைப் பற்றிச் சொல்வது எளிது. அது தவறு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அன்னா ரெமிங்டனும் ஜேக் ஃபேர்னியும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஒரு விருந்துக்கான ஏற்பாடுகளைச் சிலர் பேசிக்கொள்ளும் ஒலிப்பதிவைப் போட்டு, குறிப்பிட்ட பேச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். நடுவே ஒருவர் தன்னைக் கொரில்லா என்று சொல்லிக்கொண்டே கடந்துபோகிறார். பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டிச நிலையில் இருந்தவர்களில் கணிசமானவர்கள் கவனித்தார்கள். கொடுத்த வேலையிலும் அவர்கள் பின்தங்கவில்லை. அவர்களின் கேள்திறன் குறைந்ததல்ல, கூடுதலானது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

இப்போது பாட்டுக்குத் திரும்பினால் சங்கதி புரியும். மற்றவர்கள் குரலையோ டிரம்ஸையோ பிடித்துக்கொண்டு மீதியை மங்கலாக விட்டுவிடுகிறார்கள். எல்லாமே சம வலிமையோடு உள்ளே வரும் காதுக்கு அந்தப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இன்னொரு காரணம், பழகிப்போகும் திறன். மின்விசிறியின் ஓசை சிறிது நேரத்தில் நமக்குக் கேட்காமல் போகிறதே, அது மூளை செய்யும் வேலை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷுலமைட் கிரீன் குழுவினர் போக்குவரத்து இரைச்சலையும் உறுத்தும் கம்பளித் துணியையும் வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: புலன்கூர்மை மிகுந்த ஆட்டிச நிலைச் சிறாரிடம், ஆபத்தை எடைபோடும் அமிக்டலாவின் எதிர்வினை மற்றவர்களுக்குத் தணிவதுபோல் தணியவில்லை. முதல் முறை கேட்ட அதே அதிர்ச்சி அடுத்த முறையும். மூன்று நிமிடத்துக்கு இப்படி என்றால் எப்படி இருக்கும்?

எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954-இல் வெளியிட்ட நூலில், மூளை என்பது புலன்கள் கொண்டுவருவதை வடிகட்டும் அடைப்பான் என்றார். மருந்தால் அதைத் திறந்துபார்க்கும் ஆசைதான் சைகடெலிக் இசையின் வேர். புலன்கூர்மை மருந்து தரும் மயக்கமல்ல. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: பாட்டுக்காரர்கள் தேடிப்போன அந்த வெள்ளம் சிலருக்குத் தினசரி வாழ்க்கை. கடைவீதியில், பேருந்தில், பள்ளி மணியில் அவர்கள் அதைக் கேட்டுவிட்டே வருகிறார்கள்.

இதே பாட்டின்மேல் உயிராய் இருக்கிற புலன்கூர்மைக்காரர்களும் உண்டு. வியப்பில்லை. மாறாத தம்புராவும் மாறாத டிரம்ஸும் அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. எதிர்பார்த்த ஒலி அச்சுறுத்துவதில்லை. பத்து முறை கேட்டவருக்குப் பறவை எந்த இடத்தில் கத்தும் என்று தெரியும். அப்புறம் அது தாக்குதலல்ல, வரவு. மற்றவர்கள் தவறவிடும் நுணுக்கங்களும் அவர்களுக்குக் கிடைக்கின்றன.

கேட்டுப்பார்க்க விரும்புபவர்களுக்கு: ஹெட்போன் வேண்டாம், அதில் ஒலி தலைக்குள்ளேயே சுழல்வதுபோல் இருக்கும். ஸ்பீக்கரில், குறைந்த ஒலியில், இடையிடையே என்னென்ன வரும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பக்கத்தில் புலன்கூர்மை மிகுந்த குழந்தை இருந்தால், வால்யூம் பொத்தானை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.