எய்ம் சரிதான், தூரம்தான் தப்பு

ஆர்மா 3 ஆட ஆரம்பிச்ச புதுசுல எங்க டீம்ல எனக்கு ஒரே வேலைதான். மலை மேல படுத்துக்கிட்டு, கீழ ஓடுற நண்பனுக்கு கவர் கொடுக்கணும். ஒரு நாள் ராத்திரி அவன் திறந்த வெளியில ஓடுறான், எதிர்ல ஒருத்தன் நிக்கிறான். நான் ஆறு ரவுண்டு சுட்டேன். ஒண்ணுகூட படல. நண்பன் காலி. "மச்சான், நீ பாத்துக்குவன்னு நம்பித்தானே ஓடினேன்"னான். கேம்தான், ஆனா அந்த வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

முதல்ல மவுஸைத் திட்டினேன். சென்சிட்டிவிட்டி மாத்தினேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம் கேமோட எடிட்டர்ல டார்கெட் வெச்சு, குண்டு எங்க விழுதுன்னு பாத்தேன். எல்லாமே டார்கெட்டுக்குக் கீழ! கை நடுங்கினா குண்டு நாலா பக்கமும் சிதறும். எல்லாம் ஒரே பக்கம் போச்சுன்னா, கணக்குலதான் பக்.

நான் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்தவன். அதுல கிளிக் பண்ண நொடியே குண்டு போய்ச் சேர்ந்துடும். ஆர்மாவுல குண்டு பறந்து போகணும், பறக்குற நேரமெல்லாம் கீழ விழுந்துக்கிட்டே இருக்கும். நொடிக்கு 800 மீட்டர் வேகம்னு வெச்சுக்கங்க. காத்தோட தடையை விட்டுட்டா, 400 மீட்டர் போக அரை நொடி, 1.2 மீட்டர் இறங்கும். 800 மீட்டர் போக ஒரு நொடி, 4.9 மீட்டர் இறங்கும். தூரம் இரண்டு மடங்கானா இறக்கம் நாலு மடங்கு. காத்துத் தடையைச் சேர்த்தா இன்னும் மோசம்.

அதனால சுடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு தூரம்?" ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தா சுலபம். இல்லன்னா ஸ்கோப்ல இருக்கிற மில் கோடுகள் போதும். 1000 மீட்டர்ல ஒரு மில்னா ஒரு மீட்டர் உயரம். நிக்கிற ஆள் சுமார் 1.8 மீட்டர். அவன் 3 மில் உயரம் தெரிஞ்சா, 1.8-ஐ 1000-ஆல பெருக்கி 3-ஆல வகுங்க: 600 மீட்டர். பேஜ் அப் தட்டி ஜீரோயிங்கை 600-க்குக் கொண்டு வாங்க. இப்ப குறுக்குக் கோட்டை நேரா நெஞ்சுல வைக்கலாம். உண்மையில அவன் 700-ல இருந்தா, குண்டு அரை மீட்டருக்கு மேல கீழ போயிடும்.

ஓடுற ஆளா? நொடிக்கு 5 மீட்டர் ஓடுறவன், குண்டு 400 மீட்டர் போறதுக்குள்ள 2.5 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். அவ்வளவு முன்னாடி குறி வைங்க.

மூச்சைப் பிடிக்கிறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான். முதல் குண்டு தவறினா உடனே அடுத்ததைச் சுடாதீங்க. புழுதி எங்க கிளம்புதுன்னு பாத்துத் திருத்துங்க. அன்னிக்கு ஆறு தடவையும் நான் அதைப் பாக்கவே இல்ல.

இப்பல்லாம் அந்த நண்பன் ஓடுறதுக்கு முன்னாடி "தூரம் எவ்வளவுடா?"ன்னு கேக்குறான். நான் நம்பர் சொன்ன பிறகுதான் கிளம்புறான்.